மூன்றாம் ஓலை

ஓசூர் சிப்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் பாதி லாரி கம்பெனி கேட்டைத் தாண்டாது. மேனேஜர் வெளியூர் போகும்போது கேட்பாஸ் புத்தகத்தில் பத்துப் பதினைந்து தாள்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டு டெஸ்பாட்ச் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுப் போவார். சரக்கு என்ன, எத்தனை பெட்டி, வண்டி எண் என்ன என்பதையெல்லாம் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். மாநில எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் கூட்டம் சேருவதற்குள் வண்டி பெங்களூர்ப் பக்கம் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். "வண்டிய விடு, கையெழுத்து பின்னாடி வரும்" என்பது அங்கே வேதவாக்கு.

பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அந்த வெற்றுப் பாஸ்களுக்குக் காவலாக ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் அற்புதமேரி. முப்பத்தொரு வயது. அடையாள அட்டைக் கயிற்றிலேயே டிராயர் சாவியையும் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். பெட்டி ஒன்று குறைந்தாலும் டிரைவரைக் கீழே இறக்கிவிடுவாள். கறார் என்றால் அப்படி ஒரு கறார்.

அப்பேர்ப்பட்டவள் தன் கல்யாண விஷயத்திலும் அந்த வழக்கத்தையே கடைப்பிடித்தாள் பாருங்கள், அங்கேதான் வினை வந்தது. ரோமாபுரியிலிருந்து கையெழுத்து வருவதற்கு முன்பே வண்டியை விட்டுவிட்டாள்.

மேரிக்கு 1999ல் ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. ஆகியிருந்தது என்று சொல்லலாமா என்பதே வழக்கு. சேலத்துப் பக்கம் ஒரு கோயிலில் சாமியார் மந்திரித்து, தாலி கட்டி, முந்நூறு பேருக்குப் பந்தி பரிமாறி, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை பதினோரு நாள் அதே வீட்டில் இருந்தான். பதினோரு ராத்திரியும் மொட்டைமாடியில் தனியாகப் பாய் விரித்துப் படுத்தான். பன்னிரண்டாம் நாள் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான், போனவன் போனவன்தான். "எலை போட்டது நெசம், சோறு வுழல" என்று மேரியின் அம்மா இந்தக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள்.

அரசாங்கக் கோர்ட்டு தன் பங்குக்கு ஒரு விவாகரத்தைக் கொடுத்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை அப்படி விடாது. அங்கே இரண்டே வழி. கல்யாணத்தன்று இருவரில் ஒருவருக்கு மனதார சம்மதமே இல்லை என்று நிரூபித்தால், நம் பக்கத்திலேயே இருக்கும் சபைக் கோர்ட்டு 'இது கல்யாணமே அல்ல' என்று எழுதிக் கொடுத்துவிடும். சம்மதம் இருந்தது, ஆனால் புருஷன் பெண்டாட்டியாக வாழவே இல்லை என்றால், அந்த முடிச்சை அவிழ்க்க உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம். அவர் ரோமில் இருந்தார்.

மேரியின் வழக்கு இரண்டாவது வழியில் போயிற்று. சத்தியம் செய்து சாட்சி சொன்னாள். டாக்டரம்மா முன்னால் கண்ணை மூடிக்கொண்டு படுத்தாள். அண்டை அயலார் வந்து அவள் நல்லவள் என்று கையெழுத்துப் போட்டார்கள். மஸ்கட்டிலிருந்து அவனும் 'ஆமாம், எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினான். மூன்று வருஷத்துக்கும் மேல் இழுத்து, 2004 கடைசியில்தான் வழக்குக் கட்டு ரோமுக்குப் போனது. மறு மார்ச் மாதம் ஆயர் இல்லத்திலிருந்து பங்குத்தந்தைக்குப் போன் வந்தது. அங்கே ஆராய்ந்தவர்கள் அத்தனை பேரும் சாதகமாகச் சொல்லிவிட்டார்களாம். பாப்பரசர் ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி, ஈஸ்டரை ஒட்டி வந்துவிடும் என்றார்களாம்.

போதாதா? மத்திகிரியில் ஏப்ரல் இருபத்தைந்துக்கு மண்டபம் பேசியாயிற்று. மாப்பிள்ளை அருள்ஜோசப், இன்னொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன், கல்லாவிப் பக்கத்து ஆள். இரண்டு வருஷமாக இவளுக்காகக் காத்திருக்கிறவன். பங்குத்தந்தையும் நல்ல மனுஷர். நல்லவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் அவசரம் கூடுதல். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று பூசை முடிவில் முதல் ஓலையை வாசித்துவிட்டார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது முறை. ஈஸ்டரன்று இரண்டாம் ஓலை. மூன்றாம் ஓலைக்கு ஏப்ரல் மூன்றாம் தேதி.

அன்று காலையில் மேரி புதுச் சேலை கட்டிக்கொண்டு போனால், கோயில் வாசலில் கறுப்புக் கொடி. முந்தின ராத்திரி ரோமில் பாப்பரசர் இறந்துவிட்டார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்தச் சின்னக் கோயில் முழுக்க விசும்பல். பூசை முடிந்தது. பங்குத்தந்தை அறிவிப்புத் தாளை எடுத்தார், மேரி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார், தாளை மடித்து அங்கியின் உள்ளே வைத்துக்கொண்டார். மேரியும் அழுதாள். யாருக்காக அழுதாள் என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

மறுநாள் கம்பெனியில் இந்த விஷயத்தைப் பர்சனல் டிபார்ட்மெண்ட் வெஸ்லின் கையில் எடுத்துக்கொண்டான். இருபத்தாறு வயது; வாரத்தில் மூன்று சாயங்காலம் பஸ் ஏறி எல்லை தாண்டி பெங்களூரில் சட்டம் படிக்கிறவன். புராட்டஸ்டண்ட்டு. பாப்பரசர் என்றாலே அவனுக்கு ஒரு குறும்புச் சிரிப்பு வரும். அன்று சிரிக்கவில்லை. இன்டர்நெட்டில் தேடி நாலைந்து தாள் அச்செடுத்துக்கொண்டு டெஸ்பாட்ச் ரூமுக்கு வந்தான்.

"மேரியக்கா, ஒங்க ராஜ்யம் எவ்ளோ பெருசு தெரியுமா? நூத்திப் பத்து ஏக்கரா. நம்ம சிப்காட்டுல ஒரு மூலைக்குக் காணாது. ஆனா தனி நாடு. தனிக் கொடி, தனி ஸ்டாம்பு. அரசியல் சட்டங்கூட இருக்குது. அஞ்சு வருசத்துக்கு முன்னதான் புதுசா எழுதியிருக்காங்க."

"என்னான்னு?"

"மொதப் பிரிவுலயே அடிச்சுட்டாங்கக்கா. சட்டம் போடறது, நிர்வாகம் பண்றது, தீர்ப்புச் சொல்றது, மூணும் ராஜா கையில. நம்ம நாட்டுல மூணு பேரு பிச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அந்தக் கதையெல்லாம் அங்க கெடையாது."

"ராஜா செத்துட்டா?"

"அதான் விசயம்." வெஸ்லின் அடுத்த தாளைப் புரட்டினான். "அதிகாரம் அடுத்த ராஜாவ எடுக்கற கர்தினாலுங்க கைக்குப் போகுது. ஆனா கட்டிப்போட்ட கை. அவசரம்னா மட்டுந்தான் சட்டம் போடலாம், அதுவும் அடுத்த ராஜா வந்து சரின்னு சொன்னாத்தான் நிக்கும். எலாகா பாத்துக்கிட்டிருந்த பெரிய தலைங்களுக்குக் கிட்டத்தட்ட அத்தன பேருக்கும் அந்த நிமிசமே வேல போச்சு. ராஜா தன் கையால பண்ண வேண்டியத வேற எவனும் தொடக்கூடாது. இருக்கை காலியா இருக்கறப்ப புதுசா ஒண்ணும் பண்ணாதேன்னு பழைய விதி."

"எத்தன நாளைக்கு?"

"புது ராஜாவ எடுக்கறதுக்கு ரெண்டு மூணு வாரம். அவரு ஒக்காந்து, ஆளுங்கள மறுபடி போட்டு, பழைய கட்டையெல்லாம் பிரிக்க எத்தன மாசம் ஆகுமோ." அவன் சற்றுத் தயங்கினான். "செத்தவரு முத்திரை மோதரத்தக்கூட ஒடச்சுடுவாங்களாம்."

"அத ஏன் ஒடைக்கணும்?"

"பின்தேதி போட்டு எவனாச்சும் முத்திரை குத்திட்டா?"

மேரியின் கண் தன்னையறியாமல் டிராயர் பக்கம் போனது. உள்ளே மேனேஜர் புனேவுக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பதினைந்து வெற்றுப் பாஸ்கள் இருந்தன. மோதிரத்தையே உடைக்கிற ராஜ்யத்திடம் போய் இந்த ஊர் வழக்கத்தைக் காட்டியிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எல்லாத்தையும் மூடிட்டா அந்த ஊரு எப்படி ஓடும்?" என்றாள்.

"எல்லாத்தையும் மூடல. கஜானா பாத்துக்கறவரு இருப்பாரு. ஏழைங்களுக்குத் தருமம் குடுக்கற ஆபீசு தொறந்திருக்கும். அப்பறம்…" வெஸ்லின் அடிக்கோடிட்ட இடத்தைத் தேடிப் பிடித்தான். "பாவமன்னிப்பு ஆபீசு. அத நடத்தற பெரியவருக்கும் வேல போகாது. ராஜா இல்லைன்னாலும் மன்னிப்பு ஒரு நாளும் நிக்கக் கூடாதாம். நாங்க ஒங்க பாப்பரசர ஒத்துக்கறதில்லக்கா. ஆனா இந்த ஒரு பிரிவப் படிச்சப்ப எனக்கே என்னமோ பண்ணுச்சு."

அவன் போன பிறகு மேரி டிராயரைத் திறந்தாள். கேட்பாஸ் புத்தகத்தைத் தூக்கினாள். அதற்கு அடியில், பழுப்பு உறைக்குள், ஆறு வருஷத்து இன்லண்டு கடிதம் ஒன்று இருந்தது. வீட்டில் வைத்தால் அம்மா கையில் சிக்கும் என்று இங்கே கொண்டுவந்து பூட்டியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பூக்கூடையில் அது இருந்தது. கொல்லையில் சமையல்காரர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிய வண்ணம் இருந்தார்கள். மேரி கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். 'நாளை கோயிலில் நான் சொல்லப்போகும் சம்மதம் என் அம்மாவுக்காகச் சொல்வது. என் மனதில் அது இல்லை. என்னால் நிறுத்த முடியவில்லை. நீங்களாவது நிறுத்திவிடுங்கள்.'

அவள் நிறுத்தவில்லை. கடிதத்தை நாலாக மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். முந்நூறு பேருக்குச் சொல்லியாயிற்று, அப்பா இல்லாத வீடு, அம்மா முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு. தாலி ஏறிவிட்டால் மனசு பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்தாள். வண்டியை விட்டாள், கையெழுத்து வரவில்லை.

பிறகு விசாரணையில், பைபிள்மேல் கைவைத்திருக்கும்போது, "கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு விருப்பமில்லை என்பது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியாது" என்றாள். ஏமாந்தவளுக்கு ஊர் இரக்கப்படும். தெரிந்தே கழுத்தை நீட்டியவளுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலு எழுத்துப் பொய்தான். ஆறு வருஷமாக அவள் பெற்ற அனுதாபம் எல்லாம் அதன் தலையில்தான் நின்றது.

அருள்ஜோசப்பின் அன்பும் அதன்மேல்தான் நின்றதோ என்பதுதான் இப்போது அவளைக் குடைந்தது. அவன் அவளைப் பற்றி யாரிடம் பேசினாலும், "ஒண்ணுமே தெரியாம மாட்டிக்கிச்சு, பாவம்" என்றுதான் ஆரம்பிப்பான்.

புதன்கிழமை அவன் லீவு போட்டுவிட்டு ஆயர் இல்லத்துக்கே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தான். சாயங்காலம் கம்பெனி எதிரே பேக்கரியில் மேரியிடம் சொன்னான். "ரோமு காலின்னா நாங்க என்ன பண்றதுன்னு கேட்டேன். ஒரு பாவமும் அறியாத பொண்ண எத்தன வருசம் வாசல்ல நிறுத்துவீங்கன்னு சத்தம் போட்டுட்டேன். அவங்களும் பாவம், என்ன பண்ணுவாங்க. எங்கண்ணன் என்ன சொல்றாரு தெரியுமா? ரிஜிஸ்டர் பண்ணிக்க, பின்னால சாமியாரு வந்து மந்திரிக்கட்டும்னு. தேதி மாறக்கூடாதாம்."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"ஒனக்குச் சரின்னா எனக்குச் சரி. நீ பட்டது போதும் மேரி."

மேரி கையில் இருந்த பப்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அந்த வாய் 'பாவம்' என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் திருடிய நகையைப் போட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ரோமில் அடக்கம். கேன்டீன் டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். வெறும் மரப்பெட்டி, அதன்மேல் திறந்து வைத்த வேதப்புத்தகம், காற்றில் புரளும் தாள்கள். மூன்று அதிகாரமும் கையில் வைத்திருந்த ராஜா அந்தப் பெட்டிக்குள் வெறுங்கையோடு கிடந்தார். மேரிக்கு அவர்மேல் முதல் முறையாக உண்மையிலேயே துக்கம் வந்தது. தன் கட்டு அந்த மனுஷர் மேசையில் கிடந்த நாளெல்லாம் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்திருக்கிறார்; இவளோ தபால்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பங்குத்தந்தை. சத்தியம் செய்து பொய் சொன்னதைச் சொன்னாள். கடிதத்தைச் சொன்னாள். அருள்ஜோசப்பிடம் மறைத்ததையும் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார். பிறகு மெல்ல, "இங்க சொன்னது இங்கயே செத்துப்போச்சும்மா. இத நான் வெளிய எடுக்க முடியாது, நெனப்புலகூட வெச்சுக்க மாட்டேன். இது கட்டுல ஏறணும்னா நீயே வெளிய வந்து, வெளிச்சத்துல நின்னு, மறுபடியும் சொல்லணும்" என்றார்.

மேரி எழுந்தாள். கோயிலைச் சுற்றிக்கொண்டு போய் பங்குவீட்டு வாசலில் நின்றாள். அவரும் வந்தார். முன்பின் ஒன்றும் கேளாதவர் போல, "என்னம்மா?" என்றார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லி, கடிதத்தை நீட்டினாள்.

படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தார். "இத அன்னிக்கே காட்டியிருந்தா, ரோமுக்கே போயிருக்க வேண்டாம். இங்கயே முடிஞ்சிருக்கும்."

மேரி படிக்கட்டில் உட்கார்ந்தாள். பூட்டிய கதவு ரோமில் இருக்கிறது என்று இத்தனை நாள் அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி டிராயருக்குள் கேட்பாஸ் புத்தகத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"இப்ப என்ன பண்ணலாம் சாமி?"

"ரோமுல இருக்கற வழக்கு நெசம். வாழலேங்கறது நெசந்தான? இந்தப் பொய்யினால அது கெடாது. நீ வாயத் தொறக்காம இருந்தாலும் புதுப் பாப்பரசர் வந்து ஒப்புதல் குடுத்தா அது செல்லும். ஆனா சத்தியம் பண்ணிச் சொன்ன பொய்யி ஒண்ணு கட்டுல ஒக்காந்திருக்குது. எழுதிக் குடுத்தா திருத்தலாம். திருத்தினா எல்லாம் தள்ளிப்போகும். ஆறு மாசமோ வருசமோ, நான் சொல்ல முடியாது." அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆயருக்கு எழுதறது அப்பறம். மொத அவங்கிட்டப் போ. நானும் ஒண்ணு ஒத்துக்கறேன். காகிதம் கைக்கு வராம ரெண்டு ஓலைய வாசிச்சேனே, அது என் தப்பு."

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து வேப்பமரத்தடியில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அருள்ஜோசப்பிடம் மேரி கடிதத்தைக் கொடுத்தாள். "இது கல்யாணத்துக்கு மொத நாளே எனக்கு வந்தது. படிச்சுட்டுத்தான் போனேன்" என்றாள். அவன் அங்கேயே நின்று படித்தான். திருப்பி ஒரு தடவை படித்தான். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தான், பைக்கை எடுத்தான், போய்விட்டான்.

திங்கள்கிழமை மேரி இரண்டு காரியம் செய்தாள். மத்தியான இடைவேளையில் பங்குவீட்டுக்குப் போய், நடந்ததை எல்லாம் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்து, மீதமிருந்த வெற்றுப் பாஸ்கள் அத்தனையிலும் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினாள். மேனேஜர் வந்து தையாத் தக்கா என்று குதித்தார். "எதுக்கும்மா? ஒம்போது வருசமா நடக்கறதுதான?" என்றார். "இனிமே நீங்க இருந்தா வண்டி போகும் சார், இல்லாட்டி நிக்கும்" என்றாள். நல்ல கிளார்க்கை இழக்க அவருக்கு மனமில்லை, முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அருள்ஜோசப் வரவில்லை. செவ்வாய் வரவில்லை, புதன் வரவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலுக்கும் வரவில்லை. அம்மா காரணம் கேட்டாள். சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு, "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்லடி" என்று அழுதாள். அம்மா சொன்னதில் நியாயமே இல்லை என்று மேரியால் நினைக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் தேதி ரோமில் வெள்ளைப் புகை வந்தது. மறுநாள் காலை கம்பெனி முழுக்க அவளுக்கு வாழ்த்து. "ராஜா வந்தாச்சு, இனி கையெழுத்துதான்" என்று பாக்கிங் செக்‌ஷன் நஞ்சம்மா லட்டு கொண்டுவந்து வாயில் திணித்தாள். வெஸ்லின் மட்டும் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா?" என்றான். "ரோமுல ஆளு வந்துட்டாங்க வெஸ்லின். எனக்கு இன்னும் காலியாத்தான் இருக்குது" என்றாள். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, டீயை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அருள்ஜோசப் போய்ப் பதினோரு நாள் ஆயிற்று. மேரி எண்ணிக்கொண்டே இருந்தாள். அந்த எண்ணிக்கை அவளுக்குப் பழக்கப்பட்டது. பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறிப் போனவனை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, மூன்று மணி இருக்கும். மேனேஜர் ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார். சரக்கு ஏற்றிய லாரி கேட்டுக்கு உள்ளே நின்றது. செக்யூரிட்டி ஆஞ்சப்பன் டெஸ்பாட்ச் ரூமுக்கு வந்து, "ஏம்மா, ஒன்னத் தேடி ஆளு வந்திருக்குது" என்றார்.

கேட்டுக்கு வெளியே அருள்ஜோசப் பைக்மேல் உட்கார்ந்திருந்தான். இன்ஜினை நிறுத்தியிருக்கவில்லை. ஷேவ் செய்து நாலு நாள் இருக்கும்.

"ஒங்கிட்ட இருக்க வேண்டியது" என்று கடிதத்தை நீட்டினான். வாங்கிக்கொண்டாள்.

"நெறைய தடவ படிச்சேன். அவன்மேல கோவம் வரணும்னு பாத்தேன், வரல. அவன் நிறுத்துன்னு கெஞ்சியிருக்கான். ஒம்மேலதான் வருது."

"வரட்டும்."

"ரெண்டு வருசமா ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆயர் வூட்டுல போயிக் கத்தினேன். நீ கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்த."

"ஆமா."

"ஏன்?"

"தெரிஞ்சே போனவள நீங்க கட்டிக்குவீங்களான்னு தெரியல. கேக்கப் பயமா இருந்துது."

"அன்னிக்கு அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இத்தன நாளு எங்கிட்டயும் கேக்கல. கேக்கறதுங்கறதே ஒனக்கு வராதா மேரி?"

அது அவளுக்கு வலித்தது. வலித்த இடத்திலிருந்தே வாய் திறந்தது. "சரி, இப்பக் கேக்கறேன். ஒங்க அம்மாவுக்காகச் சொல்ல வேண்டாம். அண்ணனுக்காக வேண்டாம். வாசிச்ச ரெண்டு ஓலைக்காகவும் வேண்டாம். இப்புடிப்பட்டவதான் நானு. ஒங்களுக்கு மனசாரச் சம்மதமா?"

ஆஞ்சப்பன் ஆள் வந்துபோகும் ரிஜிஸ்டரில் ஏதோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார். ரோமுக்காக நாலு வருஷம் காத்திருந்தவள்தான் மேரி. ஆனால் நேருக்கு நேர் நின்று கேட்டுவிட்டு, எதிராளி முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. 'இல்லை' என்றுகூட அவன் சொல்லிவிடலாம். சொன்னாலும் சொல்லட்டும் என்று நின்றாள்.

"கோவம் இருக்குது" என்றான் கடைசியில். "அது போக நாளாவும், இப்பவே சொல்லிட்டேன். சம்மதமும் இருக்குது. ரெண்டும் மனசுலேருந்துதான் வருது. பொய்யி இல்ல."

கல்யாணக் கோயிலில், முந்நூறு பேர் முன்னால், பூவும் பொன்னுமாக நின்றபோது கேட்ட 'சம்மதம்' மேரியின் காதில் விழுந்து உள்ளே இறங்கவே இல்லை. எண்ணெய்க் கறை பட்ட சட்டையோடு, கோபத்தோடு சேர்த்து இவன் சொன்னது நேராக உள்ளே போய் உட்கார்ந்தது.

"திங்கக்கெழம மண்டபம்?" என்றான்.

"வேண்டாம்னு சொல்லியாச்சு. நெசத்த எழுதி ஆயருக்குக் குடுத்துட்டேன். தள்ளிப்போகும். எவ்ளோ நாளுன்னு யாருக்கும் தெரியாது."

"மூணாவது ஓல?"

"காகிதம் கையில வந்தப்பறம் வாசிக்கட்டும்."

உள்ளே லாரி டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்கினான். ஆஞ்சப்பன் தலையை நிமிர்த்தி, "அம்மா, மேனேஜர் வர நாலு மணிக்கு மேல ஆகுமாம். இவன் கத்தறான். வண்டிய விட்டுடலாமா?" என்று கேட்டார்.

"நிக்கட்டும்ணா" என்றாள் மேரி.

அருள்ஜோசப் அவளையும் லாரியையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு இன்ஜினை அணைத்து, பைக்கை நிழல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான்.